சாசனத்தில் ஏறாத காயம்

ராஜபாளையத்திலிருந்து தென்காசிக்குப் போகிற சாலையில் சேத்தூரைத் தாண்டிவிட்டால், மேற்கு மலை நெருங்கி வந்து நம்மோடு கூடவே நடக்கத் தொடங்கிவிடும். அந்த மலையடிவாரத்தில் இருக்கிறது சிவகிரி. இன்று தென்காசி மாவட்டத்தில் ஒரு தாலுகாவின் தலைநகர். கடைவீதியும் வயலும் கரும்புத் தோட்டமுமாக, தன் பழைய பெருமையைப் பற்றி யாரிடமும் பீற்றிக்கொள்ளாத ஊர்.

பாளையக்காரர்களின் சரித்திரத்தைப் புரட்டினாலோ, இந்த ஊரின் பெயர் அடிக்கடி வந்து முன்னே நிற்கிறது. 1783 ஆகஸ்டில் கர்னல் புல்லர்ட்டன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைப் பிடித்த கையோடு சிவகிரிக்குத்தான் படையைத் திருப்பினார். பாளையத்து ஜனங்கள் ஊரைக் காலி செய்துவிட்டு மலைக்குள் போய்விட்டார்கள். மலைகளுக்கு நடுவே உள்ளொடுங்கிக் கிடக்கும் பள்ளத்தாக்கைக் கோம்பை என்று சொல்வார்கள். அந்தக் கோம்பையின் வாயில் தடுப்பு கட்டி, முள்ளும் புதருமான காட்டுக்குள் நின்று அவர்கள் சண்டை போட்டார்கள். கும்பினிப் பட்டாளம் காட்டை வெட்டி வழி செய்துகொண்டே முன்னேறியது. 1787ல் லண்டனில் வெளியான தமது புத்தகத்தில் புல்லர்ட்டனே இதையெல்லாம் எழுதியிருக்கிறார்.

பதினாறு வருஷம் கழித்து மறுபடியும் சிவகிரி. பாளையக்காரர்களின் கூட்டணியில் சேரச் சிவகிரி பாளையக்காரர் இசையவில்லை. அவருடைய மகனோ கட்டபொம்மன் பக்கம். கட்டபொம்மன் சிவகிரிமேல் படையெடுத்துப் போனதைத் தன் அதிகாரத்துக்கு விடுத்த சவாலாகக் கும்பினி எடுத்துக்கொண்டது. மேஜர் பானர்மனின் படை புறப்பட்டது. 1799 அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். தகப்பன் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம் என்று ஒரு வீடு இரண்டாகப் பிளந்த கதையும் அந்தப் பெரிய கதைக்குள் அடங்கிக் கிடக்கிறது.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். சரித்திரப் புத்தகம் படிக்கும்போது எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்தக் கோட்டை எந்தத் தேதியில் விழுந்தது என்பதைப் படித்து முடித்ததும், "சரி, அன்றைக்கு ராத்திரி என்ன நடந்தது?" என்று கேட்கத் தோன்றும். கோம்பைக்குள்ளிருந்து உயிரோடு திரும்பியவன் எப்படித் தூங்கினான்? அடுத்த வருஷம் ஐப்பசியில் இடி இடித்தபோது அவன் என்ன செய்தான்? செத்தவர்களுக்கு நடுகல் உண்டு, கதைப்பாட்டு உண்டு, ஆடி அமாவாசையில் படையல்கூட உண்டு. பிழைத்தவன்தான் எந்தச் சாசனத்திலும் ஏறாமல் போகிறான்.

அபூர்வமாக ஒரே ஒருவன் ஏறியிருக்கிறான். அவனைப் பற்றிச் சொல்லத்தான் இத்தனை பீடிகை.

ஜேம்ஸ் வெல்ஷ் என்று ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் அதிகாரி. 1801ல் பாஞ்சாலங்குறிச்சிச் சண்டையிலும் காளையார்கோவில் சண்டையிலும் இருந்தவர். சண்டை மூளுவதற்கு முன் மதுரைச் சீமையில் இருந்த காலத்தில் அவருக்கும் சின்ன மருதுவுக்கும் பழக்கம். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்று நன்றியோடு எழுதியிருக்கிறார். அதே சின்ன மருதுவை 1801 அக்டோபர் 24ந் தேதி திருப்பத்தூரில் அண்ணனோடு சேர்த்துத் தூக்கிலிட்டார்கள். மருதுவின் குடும்பத்தில் தப்பிய இளைய பிள்ளை துரைசாமி. வயது பதினைந்து.

1802 பிப்ரவரியில் எழுபதுக்கும் மேற்பட்ட கைதிகளைத் தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்கு தீவுக்கு நாடு கடத்தினார்கள். சிவகங்கையின் வேங்கன் பெரிய உடையத் தேவர் அவர்களில் ஒருவர். துரைசாமியும் ஒருவன். கப்பல் ஏறுகிறவரை கைதிகளுக்குக் காவல் பொறுப்பு யாருக்கு? நம் வெல்ஷுக்குத்தான். ஈட்டியும் வளரியும் கற்றுத் தந்த மனிதரின் மகன், காலில் விலங்கோடு தம் காவலில்! அவனுடைய சங்கிலியின் பாரத்தைக் குறைத்ததுதான் அவரால் ஆன உபகாரம்.

1818ல் வெல்ஷ் பினாங்குக்குப் போக நேர்ந்தது. ஒருநாள் அவர் தங்கியிருந்த அறைக்குள் தளர்ந்து போன ஒரு கிழவன் நுழைந்தான். யார் நீ என்று கேட்டார். "துரைசாமி" என்று பதில் வந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பதினைந்தும் பதினாறும் முப்பத்தொன்று. முப்பத்தொரு வயது மனிதனை, அவனை நன்றாக அறிந்த ஒருவர், கிழவன் என்று நினைத்துவிட்டார்.

தீவாந்தரத்துக் காற்றும் காய்ச்சலும் அரைவயிற்றுச் சாப்பாடும் சேர்ந்தால் யாருடைய உடம்பும்தான் உடையும். இருநூறு வருஷத்துக்கு முந்திய ஒருவனின் நாடியை இன்று இங்கே உட்கார்ந்துகொண்டு பிடித்துப் பார்க்க முடியாது. ஆகையால் துரைசாமிக்கு இன்ன வியாதி என்று நான் பெயர் சூட்டப் போவதில்லை. ஆனால் தகப்பனும் தமையன்மாரும் தூக்குமரம் ஏறிய செய்தியைச் சுமந்துகொண்டு, பதினைந்து வயதில் கடல் தாண்டிய ஒருவனுக்கு உள்ளே என்ன நேர்ந்திருக்கும் என்று கேட்கலாம் அல்லவா? அந்தக் கேள்விக்கு, வெல்ஷின் காலத்தில் இல்லாத பதில் இன்று ஓரளவு இருக்கிறது.

கேள்வி பழையதுதான். கிறிஸ்து பிறப்பதற்கு 490 வருஷம் முன்னால் நடந்த மாரத்தான் சண்டையைப் பற்றி எழுதும்போது, ஹெரடோட்டஸ் எபிஸீலஸ் என்ற கிரேக்க வீரனைக் குறிப்பிடுகிறார். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. பக்கத்தில் நின்றவன் வெட்டுண்டு விழுந்ததைப் பார்த்தான். அந்தக் கணத்தில் கண் போய்விட்டது. பிறகு ஆயுள் முழுவதும் குருடு. 1688ல் பாசல் நகரத்தில் யோஹன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், அந்நிய மண்ணில் இருக்கிறவர்கள் ஊர் ஏக்கத்தினால் உருகிப் போவதை ஒரு நோயாகவே வர்ணித்து, அதற்கு 'நாஸ்டால்ஜியா' என்று பெயரும் கொடுத்தார். இன்று பழைய சினிமாப் பாட்டைக் கேட்டு உருகுவதற்குப் பயன்படும் அந்த வார்த்தை, பிறந்தபோது ஒரு வியாதியின் பெயர்.

நாவல் படிக்கிறவர்களுக்குத் தெரிந்த ஒருவரையும் சொல்கிறேன். 1865 ஜூன் 9ந் தேதி, ஸ்டேபிள்ஹர்ஸ்ட் என்ற இடத்தில் ரயில் பாலத்திலிருந்து கவிழ்ந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். பிரயாணிகளில் ஒருவர் சார்லஸ் டிக்கன்ஸ். அவருக்குக் காயமில்லை. தம் தொப்பியில் தண்ணீர் மொண்டு வந்து அடிபட்டவர்களுக்குக் கொடுத்தார். பிறகு தொங்கிக்கொண்டிருந்த பெட்டிக்குள் மறுபடி ஏறி, எழுதிக்கொண்டிருந்த நாவலின் கையெழுத்துப் பிரதியையும் எடுத்து வந்தார். இத்தனை தைரியசாலிக்கு அதன் பிறகு ரயிலில் உட்கார்ந்தாலே திடீர் திடீரென்று நடுக்கம் கண்டது. இறக்கும்வரை அது போகவில்லை. இறந்ததும் சரியாக ஐந்து வருஷம் கழித்து, அதே ஜூன் 9ந் தேதி.

இதற்கெல்லாம் வைத்தியர்கள் முதலில் சொன்ன விளக்கம் வேறு. ரயில் குலுக்கியதில் முதுகெலும்பு அதிர்ந்துவிட்டது என்றார்கள். அமெரிக்க உள்நாட்டு யுத்தத்துச் சிப்பாய்களுக்கு நெஞ்சு படபடத்ததைப் பார்த்து, இருதயக் கோளாறு என்றார்கள். முதல் உலக யுத்தத்தில், குண்டு வெடித்த அதிர்ச்சியில் நரம்பு கலங்கிவிட்டது என்றார்கள். 1915ல் சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் மருத்துவப் பத்திரிகையில் எழுதிய கட்டுரையால் 'ஷெல் ஷாக்' என்ற பெயர் நிலைத்தது. கொஞ்ச நாளிலேயே அவருக்கு அந்தப் பெயர் பிடிக்காமல் போயிற்று. காரணம், நடுங்கிக்கொண்டு வந்தவர்களில் பலர் குண்டு விழுந்த இடத்துக்குக் கிட்டத்திலேயே இருந்ததில்லை!

பெயர் வைத்தும் பெயர் கிடைக்காதவர்களின் கதை இன்னும் துயரம். அந்த யுத்தத்தில் ஓடிப்போனான், கோழை என்றெல்லாம் குற்றம் சாட்டப்பட்டுத் தம் சொந்தப் பட்டாளத்தாலேயே சுட்டுக் கொல்லப்பட்ட 306 சிப்பாய்களுக்கு பிரிட்டிஷ் அரசாங்கம் 2006ல்தான் மன்னிப்பு வழங்கியது. அவர்களில் எத்தனை பேருக்குக் கால் தானாக ஓடியதோ, யார் கண்டது?

அந்தக் காலத்தில் வேறு விதமாக யோசித்த ஒருவர் நமக்குக் கொஞ்சம் உறவுக்காரர். டபிள்யூ. ஹெச். ஆர். ரிவர்ஸ். நீலகிரியில் தோடர்களோடு பழகி ஆராய்ந்து, 1906ல் அவர்களைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதியவர். யுத்தத்தின்போது எடின்பரோவுக்கு அருகில் கிரெய்க்லாக்கார்ட் ஆஸ்பத்திரியில் நிலைகுலைந்த அதிகாரிகளுக்கு வைத்தியம் பார்த்தார். "மறந்துவிடு, நினைக்காதே" என்பதுதான் அப்போது எல்லாரும் சொன்ன யோசனை. நோயைக் கெடுப்பதே அந்த யோசனைதான் என்றார் ரிவர்ஸ். நினைவை அழுத்தி மூட மூட, அது இரவில் திமிறிக்கொண்டு எழுகிறது. பக்கத்தில் ஒருவர் துணையிருக்க, தாங்கக்கூடிய அளவில் அதை எடுத்துப் பேச வைக்க வேண்டும் என்பது அவர் கண்ட வழி.

வியட்நாம் யுத்தம் முடிந்த பிறகு, 1980ல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் சங்கம் தன் நோய்ப் பட்டியலில் இதற்கு இடம் கொடுத்தது. அதிர்ச்சிக்குப் பிந்திய மன அழுத்த நோய் என்று நாம் தமிழில் சொல்கிறோம். யுத்தம், வெள்ளம், விபத்து, பலாத்காரம், வீட்டுக்குள்ளேயே நடக்கும் அடி உதை, எல்லாமே இதற்குக் காரணமாகலாம் என்று ஏற்பட்டது.

சரி, மூளைக்குள் என்னதான் நடக்கிறது?

நம் வேதாந்திகள் சொல்லும் கயிற்றரவுக் கதையை எல்லாரும் கேட்டிருப்பீர்கள். அந்தி மயக்கத்தில் வழியில் கிடந்த கயிற்றைப் பாம்பென்று நினைத்து ஒருவன் துள்ளிக் குதிக்கிறான். விளக்கைக் கொண்டுவந்து பார்த்தால் கயிறு. இந்தக் கதையில் வருவது மாயை. ஆனால் மூளையின் வேலையும் ஏறக்குறைய இதேதான். மூளையின் அடியில், காதுகளுக்கு நேர் உள்ளே, பக்கத்துக்கு ஒன்றாக வாதுமைப் பருப்பு வடிவில் அமிக்டலா என்ற பகுதி இருக்கிறது. கண்ணும் காதும் அனுப்பும் செய்தி, சிந்திக்கிற மேல்மூளைக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே ஒரு குறுக்கு வழியில் இங்கே வந்துவிடுகிறது. அமிக்டலா விசாரணை செய்வதில்லை. தண்டோரா மட்டும் போடும். உடனே அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது, கால் துள்ளுகிறது. விளக்கெடுத்து வருகிற வேலை நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளையுடையது. "கயிறுதானப்பா, சும்மா இரு" என்று அது சொன்னதும் தண்டோரா அடங்குகிறது.

மூன்றாவது ஆள் ஒருவன் உண்டு. அவன் பெயர் ஹிப்போகாம்பஸ். கிரேக்க மொழியில் கடற்குதிரை என்று அர்த்தம், வடிவமும் அப்படித்தான். கைதிகளை ஏற்றிக்கொண்டு அந்தக் கப்பல் கிளம்பியதே தூத்துக்குடிக் கடல், அங்கே நீந்துகிற கடற்குதிரையை நினைத்துக்கொள்ளுங்கள். நடந்ததற்கு இடம், காலம், முன்பின் வரிசை எல்லாம் குறித்துப் பத்திரப்படுத்துகிற கணக்கப்பிள்ளை இவன். "இது நடந்தது, இன்ன ஊரில், இன்ன வருஷத்தில், முடிந்தும் போயிற்று" என்று முத்திரை குத்துகிறவன்.

தாங்க முடியாத பயங்கரம் நேரும்போது இந்த மூவருக்கும் இடையே உள்ள ஒழுங்கு குலைகிறது. தண்டோராக்காரன் ஓங்கி அடிக்கிறான். கணக்கப்பிள்ளையோ முத்திரை குத்தத் தவறுகிறான். ஆகவே வாசனை, சத்தம், ரத்தத்தின் நிறம், யாரோ அலறிய குரல் எல்லாம் தேதியில்லாத துண்டுகளாகப் பதிந்துவிடுகின்றன. அப்புறம் என்றைக்கோ ஒருநாள் தீபாவளி வெடிச் சத்தமோ, புகை நாற்றமோ வந்தால் போதும். அவனுக்கு அது ஞாபகமாக வருவதில்லை. சம்பவமே திரும்ப வருகிறது. இலக்கணத்தில் சொன்னால், இந்த நோயில் இறந்த காலம் என்பதே கிடையாது. எல்லாம் நிகழ்காலம். விளக்கெடுத்து வர வேண்டிய முன்மூளையும் சோர்ந்துபோவதால், கயிறு கடைசிவரை பாம்பாகவே கிடக்கிறது.

இது வெறும் உவமை அல்ல. இந்நோய் உள்ளவர்களிடம் அவர்கள் பட்டதைச் சொல்லக் கேட்க வைத்து, அந்த நேரத்தில் மூளையைப் படம் பிடித்திருக்கிறார்கள். 1996ல் அமெரிக்காவில் வெளியான அப்படிப்பட்ட ஆராய்ச்சி ஒன்றில், அமிக்டலா இருக்கும் பகுதி கொழுந்துவிட்டு எரிந்தபோது, இடப்பக்கத்தில் பேச்சுக்கு உரிய ப்ரோகா என்ற பகுதி மங்கிப்போனது தெரிந்தது. பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது, வாயடைத்துப்போனான் என்றெல்லாம் நம் ஜனங்கள் சொல்வார்களே, அதைக் கருவி ஒப்புக்கொண்டது. பேயறைந்த மாதிரி இருக்கிறான் என்பதும் அவர்கள் வார்த்தைதான்.

இந்நோயாளிகளில் பலருக்கு ஹிப்போகாம்பஸ் அளவில் சிறுத்திருக்கிறது என்று 1990களில் கண்டார்கள். துன்பம் மூளையையே தேய்த்துவிடுகிறது என்று ஒரே பேச்சு. 2002ல் வேறொரு குழு கெட்டிக்காரத்தனமாக ஒரு காரியம் செய்தது. வியட்நாமில் சண்டை போட்டு நோயுற்றவர்களையும், யுத்தத்துக்கே போகாத அவர்களுடைய இரட்டைச் சகோதரர்களையும் சேர்த்துப் படம் பிடித்தது. போகாதவர்களுக்கும் அது சிறியதாகவே இருந்தது! ஆகவே சிலர் விஷயத்திலாவது அந்தச் சிறுமை நோயின் விளைவு அல்ல, நோய்க்கு இடம் கொடுத்த பிறவி அமைப்பு. ஒரே கோம்பையில் நின்ற இருவரில் ஒருவன் தேறி எழுந்து ஏர் பூட்டுவதற்கும், மற்றவன் திண்ணையில் சுருண்டு கிடப்பதற்கும் தைரியத்தில் உள்ள ஏற்றத்தாழ்வுதான் காரணம் என்று இனி யாரும் எளிதில் சொல்லிவிட முடியாது. ஒருவன் எலும்பு கெட்டி, மற்றவன் எலும்பு மெலிவு என்பதைப் போன்ற சங்கதி இது. எலும்பு முறிந்தவனைக் கோழை என்று யாராவது ஏசுவதுண்டா?

நல்ல செய்தியும் இருக்கிறது. பயங்கரத்தைக் கண்டவர்களில் பெரும்பாலோர் நாளடைவில் தாமாகவே தேறிவிடுகிறார்கள். தேறாதவர்களுக்கு வைத்தியம் உண்டு. பழகிய வைத்தியர் ஒருவர் துணையோடு, பாதுகாப்பான இடத்தில், கொஞ்சம் கொஞ்சமாக அந்த நினைவுக்குள் போய் வந்து அதற்குத் தேதியும் இடமும் குறிக்கிற முறைதான் பிரதானம். ரிவர்ஸ் காட்டிய வழிக்கு இது வெகு தூரமில்லை. சிலருக்கு மருந்தும் உதவுகிறது. ஆனால் சம்பவம் நடந்த மறுநாளே போய், "சொல்லு, எல்லாவற்றையும் சொல்லு" என்று பிடுங்குவது கூடாது என்பதையும் அனுபவத்தில் கற்றிருக்கிறார்கள். முதல் தேவை சோறு, தண்ணீர், படுக்க இடம், உறவுக்காரர்கள் எங்கே என்ற தகவல். 2004 டிசம்பர் 26ந் தேதி கடல் பொங்கியபோது, நாகப்பட்டினக் கரையிலும் கடலூர்க் கரையிலும் உதவப் போனவர்கள் கண்கூடாகப் பார்த்த உண்மை இது.

தமிழர்களிடையே இந்தக் காயத்தை மிக அருகிலிருந்து பார்த்து எழுதியவர் யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம். யுத்தத்துக்கு நடுவே அங்கேயே இருந்து வைத்தியம் பார்த்தவர். காயம்பட்ட மனங்களைப் பற்றி 1998ல் வெளியான அவருடைய புத்தகம் உலகம் முழுவதும் படிக்கப்படுகிறது. தனி மனிதனின் மூளை மட்டும் அல்ல, குடும்பம், கிராமம், நம்பிக்கை என்று ஒரு சமூகத்தின் உடம்பே அடிபடுகிறது. ஆகையால் மருந்தும் சமூகத்துக்குள்ளிருந்தே வர வேண்டும் என்பது அவர் திரும்பத் திரும்பச் சொல்லும் கருத்து.

இதைப் படித்தபோது நம் பழைய வழக்கங்கள் எனக்கு வேறு விதமாகத் தெரிந்தன. இழவு வீட்டில் பெண்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைக்கிறார்கள். செத்தவனைப் பெயர் சொல்லி, உறவு சொல்லி, வாழ்ந்ததை வரிசையாகச் சொல்லி அழுகிறார்கள். மூன்றாம் நாள், பதினாறாம் நாள் என்று துக்கத்துக்கு நாள் குறிக்கிறார்கள். பேச்சடைத்த வாய்க்கு ஒரு ராகத்தைக் கொடுத்து, தேதியற்ற துயரத்துக்கு ஒரு தேதி போடுகிற ஏற்பாடு அல்லவா இது? பயந்த பிள்ளைக்கு விபூதி பூசி வேப்பிலை அடிப்பதை நான் வைத்தியம் என்று சொல்ல வரவில்லை. அதோடு நிறுத்திக்கொண்டு டாக்டரிடம் போகாமல் இருந்தால் பிள்ளைக்குத்தான் கேடு. ஆனால் ஊரே கூடி நின்று, "உனக்கு ஒன்றுமில்லை, நாங்கள் இருக்கிறோம்" என்று சொல்வதில் ஒரு பலம் இருக்கிறது. தனிமையில் இந்தக் காயம் ஆறுவதில்லை.

துரைசாமிக்கு வாய்க்காதது இதுதான். தகப்பனுக்கு ஒப்பாரி வைக்கச் சித்தியும் அத்தையும் கூட இல்லை. பதினாறாம் நாள் செய்யச் சொந்த மண் இல்லை. நினைவுக்குத் தேதி குறிக்க யாரும் துணைக்கு வராத தீவில் பதினாறு வருஷம்.

வெல்ஷையும் எண்ணிப் பார்க்கிறேன். அந்தச் சந்திப்பு அவர் மனத்தையும் குத்தியது என்பதில் சந்தேகமில்லை. பன்னிரண்டு வருஷம் கழித்து, 1830ல் தமது நினைவுக் குறிப்புகளை அச்சிட்டபோது மறக்காமல் அதைச் சேர்த்திருக்கிறார். ஆனால் அவருக்கு அது நினைவு. இடம், காலம், முன்பின் எல்லாம் சொல்லி, பக்க எண் போட்டு, புத்தகத்தை மூடி வைக்க அவரால் முடிந்தது. அந்த அறைக்குள் வந்த கிழவனுக்கு அப்படி மூடி வைக்க முடிந்திருக்குமா?

நம் தெருவிலும் இப்படிச் சிலர் உண்டு. விபத்துக்குப் பிறகு பஸ் ஏறமாட்டேன் என்கிற ஆள், பட்டாசுச் சத்தத்துக்குக் கட்டிலடியில் ஒடுங்குகிற ஓய்வுபெற்ற ராணுவக்காரர், கதவு தட்டப்பட்டால் முகம் வெளுத்துப்போகிற மருமகள். "எத்தனை நாளைக்குத்தான் இதையே நினைத்துக்கொண்டிருப்பாய்?" என்று நாம் கேட்டுவிடுகிறோம். அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கவில்லை. அவர்களுக்கு அது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு, கேள்வியை மாற்றிக் கேட்டாலே போதும். பாதி வைத்தியம் வீட்டிலேயே ஆரம்பமாகிவிடும்.